எல்லாருக்கும் தெரிந்த கிணறு

நிகழ்ச்சி நடத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே கேள்விக்குத்தான் வருகிறீர்கள். "வாலண்டியர்ஸை எப்படி மேடம் சமாளிக்கிறது?" சம்பளம் வாங்குகிற ஆளிடம் சொன்னால் செய்துவிடுவான், சம்பளம் வாங்காதவரை அதட்டவும் முடியாது, அவர் போக்கில் விடவும் முடியாது என்பது உங்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஓர் ஊரில் நடந்த பெண்கள் கபடிப் போட்டிக்குப் பிறகு எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

அந்தப் போட்டிக்கு நான் முதல் நாளிலிருந்து இல்லை. எங்கள் கம்பெனி சேலத்தில். மைதான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டாம் நாள் காலை முதலாளி போனில் கூப்பிட்டு, "நீங்க தருமபுரியிலதான இருக்கீங்க, போய் நின்னுக்கங்க" என்றார். போய் நின்றேன். ஊரும் புதிது, அங்கே ஏற்கெனவே கூடியிருந்த குழுவும் புதிது.

அந்தக் குழு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு நீல டி-ஷர்ட், கையில் வாக்கி-டாக்கி. ஊர்த் தன்னார்வலர்களுக்கு மஞ்சள் தொப்பி, கையில் தண்ணீர்க் குடமும் மோர் வாளியும். காலையில் நீலத்துக்கு ஒரு கூட்டம், மஞ்சளுக்கு இன்னொரு கூட்டம். வாட்ஸாப்பிலும் இரண்டு குழுக்கள். சாப்பாட்டுப் பந்தலும் இரண்டு. ஊர்க்காரர்களோடு பேச்சு வளர்ந்தால் வேலை கெடும் என்பது முதலாளியின் எண்ணம். அதை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். இன்னோர் ஊரில் எங்கள் மைக் செட் ஆள் ஒருவன் உள்ளூர்த் தகராறில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, எதிர்ப்பக்கத்துக்காரர் பேச எழுந்தபோது ஒயரைப் பிடுங்கிவிட்டான். அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. ஆனால் ஓர் இடத்தில் பட்ட காயத்துக்கு எல்லா இடத்திலும் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

மைதானம் என்றால் பழைய நிலம். கடலை விளைந்த காடு. பிளாட் போடுவதற்காக யாரோ வாங்கிச் சமன்படுத்தி, விற்காமல் கிடந்தது. நடுவில் ஆடுகளம். கிழக்கிலும் மேற்கிலும் இரும்புக் குழாய்களால் கட்டிய உயரமான கேலரிகள். கேலரி கட்டியவர் எங்கள் மேஸ்திரி குப்புசாமி. சேலத்துக்காரர். நாற்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவர் கட்டிய கேலரியில் ஏற நான் ஒருநாளும் தயங்கியதில்லை.

மஞ்சள் தொப்பிகளுக்குப் பொறுப்பு ரெஜினா என்கிற பெண். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அதே ஊர், குடும்பம் விவசாயக் குடும்பம், கோயில் தெருவுக்குப் பின்னால் மாதா கோயில் பக்கம் வீடு. நான் போன அன்றே அவளைப் பற்றி எங்கள் ஆட்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். "அந்த டீச்சரம்மா எல்லாத்துக்கும் கேள்வி கேக்குதுங்க மேடம்." கேள்வி கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா என்றால், "வாலண்டியர்ஸ் கூட்டத்துல கேக்கச் சொன்னோங்க" என்றார்கள். அந்தக் கூட்டத்தை நடத்துவதே அவள்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, கூட்டத்தை அனுப்பிவிட்டோம். காற்றில் எங்கள் சாப்பாட்டுப் பந்தல் சாய்ந்து, அடுப்பு மேல் விழுந்து, தகரமும் துணியுமாகச் சேற்றில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை அதைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. ஆடுகளத்தைக் காயவைப்பதற்கே எல்லாருக்கும் நேரம் போதவில்லை. அதனால் மத்தியானம் எல்லாருமே மஞ்சள் தொப்பிப் பந்தலில் சாப்பிட்டோம். இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் செய்தது மழை.

அரையிறுதி ஆட்டம் ஆரம்பித்திருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் அணி ஆடுகிறது என்பதால் கிழக்குக் கேலரி முழுக்க ஊர் சனம். மேற்கே வெளியூர்க்காரர்கள். நாங்கள் சிலர் சுழற்சியில் சாப்பிட வந்திருந்தோம். நான் குப்புசாமிக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் கைகளில் சேறு முழங்கை வரை காய்ந்து கிடந்தது.

"என்ன மேஸ்திரி, இன்னிக்கும் அடியில படுத்தே இருக்கீங்க?" என்று சும்மா கேட்டேன்.

"மழைங்க மேடம். ஒரு மூலையில ஜாக்கி எறங்குது. காலைல ஏத்துனேன். இப்ப மறுபடி ஏத்திட்டு வரேன்." ஜாக்கி என்பது குழாயின் காலடியில் இருக்கும் திருகு. தரை மேடுபள்ளமாக இருந்தால் அதைத் திருகி மட்டம் பார்ப்பார்கள்.

"எங்கிட்ட சொல்லலையே?"

"அது எங்க வேலைதானங்க. எறங்குனா ஏத்துவோம். இதைப் போயி என்னத்தச் சொல்றது?"

பக்கத்தில் மோர் ஊற்றிக்கொண்டு வந்த ரெஜினா நின்றாள். "எந்த மூலைங்கண்ணா?"

"கிழக்கால. ஸ்கோர் போர்டு பக்கம்."

"அது கெணத்து மேலதான நிக்குது?" என்றாள், மிகச் சாதாரணமாக.

குப்புசாமி கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார். "எந்தக் கெணறு?"

"எங்க பெரியப்பா கெணறுங்க. அதுலதான் நாங்கெல்லாம் நீச்சல் கத்துக்கிட்டோம். நெலத்த வாங்குனவங்க, இடிச்ச வூட்டு கல்லு மண்ணெல்லாம் கொட்டி மூடுனாங்க. எல்லாருக்கும் தெரியுமேங்க!"

எல்லாருக்கும் என்றால் ஊரில் எல்லாருக்கும். எங்கள் டி-ஷர்ட் போட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. குழாய் இறக்கிய முதல் நாள் ரெஜினா அந்தப் பக்கம் நின்றிருந்தாள், கேட்கவும் கேட்டிருக்கிறாள். "இங்கயே போடறீங்களா?" என்று. "ஆமா, பிளான்ல இங்கதான்" என்று யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கம்பெனி, தெரியாமலா போடுவார்கள், ஏதோ ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குப்புசாமியோ, மழை பெய்தால் மண் இறங்கும், அதை ஊர் முழுக்கச் சொன்னால் தன் வேலையில் குறை என்று ஆகும் என்று நினைத்துக்கொண்டார். பாதி சேதி இவரிடம், பாதி சேதி அவளிடம். இரண்டும் காலையிலிருந்து ஒரே மைதானத்தில் ஒன்றை ஒன்று கடந்து போய்க்கொண்டிருந்தன.

மூவரும் இலையை விட்டு எழுந்து நடந்தோம். ஓடவில்லை. ஓடினால் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள் என்று குப்புசாமிதான் என் கையைத் தொட்டு மெதுவாக்கினார். கேலரிக்கு அடியில் குனிந்து போனார். நான் வெளியே நின்று மேலே பார்த்தேன். பலகைகளின் இடுக்கு வழியாகச் செருப்புகள், சேலைக் கரைகள், ஆடிக்கொண்டிருக்கும் குழந்தைக் கால்கள். ரெய்டு போன ஊர்ப் பெண், எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வர, மேலே எல்லாரும் ஒன்றாகக் குதித்தார்கள். இரும்பு முழுக்க அதிர்ந்தது.

குப்புசாமி வெளியே வந்தார். "இப்ப ஏத்துன ஜாக்கி மறுபடி எறங்கியிருக்குதுங்க. மழை மண்ணா இருந்தா இவ்ளோ வேகமா எறங்காது. அடியில காலி ஆயிட்டிருக்குது."

"நிக்குமா?"

"தெரியலைங்க."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'தெரியலை' அது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை தெரிந்த ஆள் ஒருவர் தெரியவில்லை என்று சொன்னால், அதற்கு மேல் அவரைக் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். அது முழுமையான பதில்.

போட்டிக் கமிட்டித் தலைவர் மாதையன், மேடை ஓரத்தில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தார். நிறைய நிலபுலம் உள்ள விவசாயி. இந்தப் போட்டிக்காக ஊர் ஊராக அலைந்தவர். கிணற்று மேல் நிற்கிற மூலை இறங்குகிறது, கிழக்குக் கேலரியைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்கம்மா பேசறீங்க? அவரு வர நேரம். ஊரு சனம் உக்காந்திருக்கிற பக்கம் காலியா கெடந்தா ஊரு மானம் என்னாவறது? ஆட்டம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஒப்பந்தத்தைப் பேசுவதா, சட்டத்தைப் பேசுவதா என்று யோசித்தேன். குப்புசாமி முன்னால் வந்தார்.

"ரெண்டு கேலரியும் கட்டுனது நாந்தாங்க. மேற்கால எம் பொண்டாட்டி புள்ளைங்கள இப்பவே கூட்டியாந்து உக்கார வெப்பேன். கிழக்கால வெக்க மாட்டேன்."

மாதையன் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய அக்கா, மருமகள்கள், பேத்திகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார்.

முதல் பாதி முடிய ஆட்டத்தில் சில நிமிடங்கள்தான் இருந்தன. இடைவேளையில் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். எப்படி இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. மைக்கில் அறிவித்துவிடலாம் என்றேன். எங்கள் அறிவிப்பாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், கணீர்க் குரல். "வேண்டாங்க மேடம்," என்றாள் ரெஜினா. "அவரு மைக்ல சொன்னா, என்னமோ ஏதோன்னு எல்லாரும் ஒண்ணா எந்திரிப்பாங்க."

"கீழ வந்தா பரிசு குடுக்கறோம்னு சொல்லிடலாங்களா?" என்று கேட்டார் மாதையன்.

"அப்படிச் சொன்னா குதிச்சு ஓடியாருவாங்க. மேற்கால இருக்கறவங்களும் வருவாங்க. உள்ளதையே சின்னதா சொல்லுவோம். பலகை சரி பண்ணணும், எறங்கிக் கீழ உக்காருங்கன்னு. ஆனா மைக்ல இல்ல. நாங்க ஒவ்வொருத்தரா போயி சொல்றோம்."

குப்புசாமி இறக்கும் முறையைச் சொன்னார். கீழ் வரிசை முதலில். அது காலியான பிறகுதான் அடுத்தது. ஸ்கோர் போர்டு பக்கத்துப் படியை மூடிவிட வேண்டும். எல்லாரும் வடக்குப் படி வழியாக மட்டும். யாரும் குதிக்கக் கூடாது, யாரும் பலகை மேல் ஓடக் கூடாது. ரெஜினா அதைத் தன் ஆட்களுக்கு அப்படியே சொன்னாள். நீல டி-ஷர்ட்கள் படியருகில் கைகோத்து நின்று வழி விட்டார்கள். சாப்பாட்டுப் பந்தலின் தார்ப்பாய்களை ஆடுகளத்தின் ஓரத்தில் விரித்தோம். அறிவிப்பாளரிடம் மைக்கை அணைத்து வைக்கச் சொன்னேன்.

விசில் அடித்ததும் மஞ்சள் தொப்பிகள் கேலரிக்கு அடியில் வரிசையாகப் போய் நின்று, அவரவருக்குத் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "மாதம்மா சித்தி, வாங்க, கீழ உக்காந்துக்கலாம்." "அண்ணி, பையனத் தூக்கிட்டு வாங்க, இந்தப் பக்கமா." "பலகை ஆடுதாம், மாத்தப் போறாங்க, மொள்ள வாங்க." எத்தனையோ கூட்டங்களை இறக்கியிருக்கிறேன், கயிறு கட்டி, மைக்கில் கத்தி, போலீஸ் வைத்து. கூட்டம் கூட்டமாகவே இல்லாமல், சித்தியாகவும் அண்ணியாகவும் எழுந்து இறங்கி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பெரியவர் மட்டும் மூன்றாம் வரிசையில் அசையவில்லை. "காலைல சோறுகூடத் திங்காம வந்து எடம் புடிச்சேன். எறங்குனா எவனாவது உக்காந்துக்குவான்."

"மாமா, உங்க எடத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. நான் பொறுப்பு" என்றாள் ரெஜினா. அது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் அதை நம்பி இறங்கினார்.

பாதி இறங்கியிருந்தபோது ஸ்கோர் போர்டு பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இரும்பு முனகுகிற சத்தம். மேல் வரிசைகளில் இருந்த இளவட்டங்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஒருவன் பின்பக்கமாகக் குதிக்கக் கால் தூக்கினான். குப்புசாமி கீழிருந்து இரண்டு கைகளையும் உயர்த்தி, உட்காருங்கள், உட்காருங்கள் என்று காட்டினார். யாருக்கும் அவரைத் தெரியாது. யாரும் உட்காரவில்லை.

ரெஜினா வடக்குப் படியில் ஏறிப் போனாள்.

நான் "டீச்சர்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மேல் வரிசை வரைக்கும் அவசரமில்லாமல் ஏறி, அந்தப் பையன்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டாள். "உக்காருங்கடா. நம்ம வரிசை வரட்டும், சேந்து போலாம்" என்று அவள் சொன்னது கீழே எனக்குக் கேட்டது. பாதிப் பேர் அவளிடம் கணக்குப் படித்தவர்கள் போலிருக்கிறது. உட்கார்ந்தார்கள். அந்தக் கேலரியில் இருந்தவர்களில், தனக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசை இறங்கியது. கடைசியாக அவள் இறங்கினாள். தரையில் கால் வைத்ததும் படிக் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குப்புசாமி ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

கேலரி விழவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. ஊர் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மேலே உட்கார்ந்து கத்த விட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்று எங்களைத் திட்டியவர்கள் உண்டு. சிறப்பு விருந்தினர் வந்தார். எல்லாப் படத்திலும் அவருக்குப் பின்னால் காலிக் கேலரி. இரவே முதலாளி போனில் கேட்டார், "விழவே இல்லையேங்க, எதுக்கு இவ்ளோ கலாட்டா?" இதற்கும் தயாராக இருங்கள். கெட்டது நடக்காமல் தடுத்தால், தடுத்ததற்குச் சாட்சி இருக்காது. நீங்கள் பயந்தாங்கொள்ளி என்ற பெயர்தான் மிஞ்சும். வாங்கிக்கொள்ளலாம். அது ஒன்றும் கனமான பெயர் இல்லை.

மறுநாள் காலை கேலரியைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். அந்த மூலைக் காலைத் தூக்கி, அடியில் கொடுத்திருந்த மரக்கட்டையைப் புரட்டினார் குப்புசாமி. கட்டைக்குக் கீழே மண் இல்லை. இருட்டாக ஓர் ஓட்டை இருந்தது. அவர் ஒரு குழாயை எடுத்து மெதுவாக உள்ளே விட்டார். போய்க்கொண்டே இருந்தது. கை தரையைத் தொட்ட பிறகும் குழாய் எதிலும் இடிக்கவில்லை. மாதையன் வந்தார், எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "எல்லாரும் சாப்பிட்டீங்களா? எங்க வூட்டுக்கு வாங்க, இட்லி ஊத்தச் சொல்லியிருக்கேன்" என்றார். நீலம், மஞ்சள் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்.

மத்தியானம் எங்கள் லாரி கிளம்பியது. தொப்பிகளை மூட்டையாகக் கட்டி ஏற்றினோம். வாட்ஸாப் குழுக்கள் இரண்டும் அடங்கிவிட்டன. நம் வேலையின் சங்கடம் இதுதான். ஓர் ஆபீசில் என்றால் இன்றைக்குத் தெரியாதது நாளைக்குப் பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். நம் குழு சில நாள் கூடி, கலைந்துவிடும். பழகிப் பேச ஆரம்பிக்கும்போது பந்தல் பிரித்தாகிவிடும். அதனால் மற்றவர்கள் வருடக்கணக்கில் செய்வதை நீங்கள் முதல் நாள் காலையிலேயே செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச காலத்தில், எந்த ஊருக்குப் போனாலும் குழாய் இறக்குவதற்கு முன்னால் நம் ஆள் ஒருவர், ஊர் ஆள் ஒருவர் என்று ஜோடி சேர்த்து மைதானத்தை நடக்க விட்டேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. நேரம் வீண் என்றார்.

நடக்க விட்டால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் தன்னார்வலர் யாரும் வாய் திறக்கமாட்டார். நமக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்புகிறார். அந்த மரியாதையே அவர் வாயைக் கட்டுகிறது. நம் ஆளோ, சிக்கலைச் சொன்னால் வேலை தெரியாதவன் ஆகிவிடுவோமோ என்று மூடிக்கொள்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். அந்த நல்ல குணத்தின் மேல்தான் அன்று அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வருடம் அதே ஊரில் மறுபடியும் போட்டி. நான் ஓய்வில் இருந்தேன். இந்த முறை வேறு கம்பெனி. ஒருநாள் காலை ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் காற்றுச் சத்தம்.

"எங்க டீச்சர் இருக்கீங்க?"

"மைதானத்துலதாங்க. சேர் போட்டு உக்காந்திருக்கேன்."

"எங்க?"

"கெணத்து மேல."

புது கம்பெனிக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லியிருக்கிறாள். வாலண்டியர்ஸ் கூட்டம் சாயங்காலம், அப்போது சொல்லுங்கள் என்றார்களாம். குழாய் லாரி காலையில் வருகிறது. அதனால் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்து ஹாரன் அடிப்பது கேட்டது. "வெச்சிடறேங்க" என்றாள். ஆனால் அவசரத்தில் போனை அணைக்கவில்லை.

கதவு சாத்தும் சத்தம். யாரோ இறங்கி வந்து, "என்னங்க மேடம், நடுவுல உக்காந்துட்டீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். கிணறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எதைப் போட்டு மூடினார்கள், போன வருடம் என்ன நடந்தது, எல்லாம். அந்த ஆள் குறுக்கே பேசவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். பிளானில் இங்கேதான் என்று சொல்வாரோ, சாயங்காலம் கூட்டத்தில் சொல்லுங்கள் என்பாரோ என்று.

பிறகு அந்தக் குரல், "லாரிய அங்கயே நிறுத்துய்யா" என்று பின்னால் யாருக்கோ சொன்னது. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டது:

"சரிங்க டீச்சர். இந்தக் காட்டுல வேற என்னென்ன இருக்குது? வாங்க, நடந்துகிட்டே சொல்லுங்க."